இபாதான் பல்கலைக்கழகம்

இபாதான் பல்கலைக்கழகம், மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவின் ஓயோ மாநிலத் தலைநகர் இபாதானில் அமைந்துள்ள ஒரு நடுவண் அரசுப் பல்கலைக்கழகம் ஆகும். 1948 ஆம் ஆண்டு, இலண்டன் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியாகத் தொடங்கப்பட்ட இது, 1962 இல் தன்னாட்சி பெற்ற முழுமையான பல்கலைக்கழகமாக மாறியது. நைஜீரியாவில் பட்டம் வழங்கும் உயர்கல்வி நிறுவனங்களில் இதுவே மிகப் பழமையானது. இதன் இலத்தீன் குறிக்கோளுரையின் பொருள் "நேரிய சிந்தனையே ஊற்று" என்பதாகும்.

பின்னணி

பிரித்தானியர் ஆட்சியின்போது 1930களில் லாகோஸ் நகரின் யாபா பகுதியில் ஓர் உயர்கல்லூரி நடத்தப்பட்டது. அங்கு வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு நைஜீரியாவிற்கு வெளியே மதிப்பு இல்லை. அதில் பயின்றோர் அரசுத் துறைகளில் துணைநிலைப் பணிகளிலேயே அமர்த்தப்பட்டனர். இதனை எதிர்த்து 1934 இல் உருவான லாகோஸ் இளைஞர் இயக்கம், பின்னர் நைஜீரிய இளைஞர் இயக்கம் என்னும் தேசிய அரசியல் அமைப்பாக வளர்ந்தது. தரத்தில் குறையாத பல்கலைக்கழகம் வேண்டும் என்பது விடுதலைக் கோரிக்கையின் ஒரு பகுதியாகவே எழுந்தது எனலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உயர்கல்வி குறித்து ஆராய 1943 இல் பிரித்தானிய அரசு எலியட் ஆணைக்குழுவை அமைத்தது. 1945 இல் வெளியான அதன் அறிக்கையில் உறுப்பினர்கள் இரு பிரிவாகப் பிரிந்தனர். நைஜீரியா, கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா), சியேரா லியோனி ஆகிய மூன்றிலும் பல்கலைக்கழகக் கல்லூரிகள் வேண்டும் எனப் பெரும்பான்மையினர் பரிந்துரைத்தனர். இபாதானில் ஒன்று மட்டும் போதும் என்பது சிறுபான்மையினரின் கருத்து. அரசு முதலில் சிறுபான்மைக் கருத்தையே ஏற்றது. கோல்டு கோஸ்ட் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து அங்கும் ஒரு கல்லூரிக்கு இசைவு அளிக்கப்பட்டது. இவ்விரு கல்லூரிகளும் 1948 இலேயே தோன்றின.

பல்கலைக்கழகக் கல்லூரி (1948–1962)

1948 சனவரியில், யாபா கல்லூரியிலிருந்து மாற்றப்பட்ட 104 மாணவர்களுடன், எலேயேலே பகுதியில் இருந்த பழைய இராணுவ மருத்துவமனைக் கட்டடங்களில் வகுப்புகள் தொடங்கின. பூச்சியியல் அறிஞர் கென்னத் மெல்லன்பி முதல் முதல்வர் ஆவார். நிலையான வளாகத்திற்கு 1948 நவம்பர் 17 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நாளே இன்றும் நிறுவனர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

கலை, அறிவியல், மருத்துவம் ஆகிய மூன்று புலங்கள் தொடக்கத்தில் இருந்தன. விரைவில் வேளாண்மையும் சேர்க்கப்பட்டது. தேர்வுகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையில் நடந்தன, பட்டமும் இலண்டனுடையதே. இதனால் யாபா சான்றிதழுக்கு நேர்ந்த குறை இங்கே நேரவில்லை. ஆனால் இம்முறைக்கு வேறொரு விலை இருந்தது. பாடத்திட்டம் பெரிதும் இங்கிலாந்தைத் தழுவியே அமைந்தது. நுழைவுத் தகுதி கடுமையாக இருந்தமையால் சிலரே இடம்பெற்றனர். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு இடம் இல்லை. இக்குறைகளைக் கடுமையாகச் சாடிய நாம்டி அசிகிவே, வேறொரு மாதிரியில் என்சுக்காவில் நைஜீரியா பல்கலைக்கழகம் உருவாக வழிவகுத்தார். 1960 இல் திறக்கப்பட்ட அது, தொடக்கத்திலிருந்தே தனது சொந்தப் பட்டங்களை வழங்கியது.

மருத்துவக் கல்விக்குத் தகுந்த மருத்துவமனை இல்லாததால், தொடக்ககால மாணவர்கள் தமது மருத்துவப் பயிற்சியை முடிக்கப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1957 இல் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டபின் இந்நிலை மாறியது.

முழுமையான பல்கலைக்கழகம்

1960 இல் வரலாற்றாளர் கென்னத் டிக்கே, கல்லூரியின் முதல் நைஜீரிய முதல்வர் ஆனார். 1962 இல் இலண்டனுடனான இணைப்பு முடிவுற்றபின் அவரே முதல் துணைவேந்தர் ஆனார். நாட்டின் தலைமை அமைச்சர் அபூபக்கர் தஃபாவா பலேவா முதல் வேந்தராகப் பொறுப்பேற்றார்.

ஐரோப்பியர் வருகையுடன்தான் ஆப்பிரிக்க வரலாறு தொடங்குகின்றது என்ற கருத்து அன்று பரவலாக இருந்தது. டிக்கே, ஜேக்கப் அடே அஜாயி முதலியோர் இதனை மறுத்து, வாய்மொழி மரபுகளையும் சான்றுகளாகக் கொண்டு வரலாறு எழுதினர். இவர்களது ஆய்வு மரபு "இபாதான் வரலாற்றுப் பள்ளி" என அழைக்கப்படுகின்றது. நைஜீரிய தேசிய ஆவணக்காப்பகம் உருவாகவும் டிக்கே காரணமாக இருந்தார். அதன் இபாதான் பிரிவு பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ளது.

உள்நாட்டுப் போரின் தாக்கம்

1966 இல் நிகழ்ந்த இராணுவப் புரட்சிகளையும் இக்போ மக்கள் மீதான படுகொலைகளையும் அடுத்து, கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணவர்களும் பெருமளவில் வெளியேறினர். இக்போ இனத்தவரான டிக்கேயும் அவ்வாண்டு இறுதியில் பதவி விலகினார். பின்னர் அவர் பயாஃப்ராவின் தூதுவராகப் பணியாற்றினார். முன்னாள் மாணவரான கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ, 1967 இல் பயாஃப்ராவுக்காகப் போரிட்டு இறந்தார். போரைத் தடுக்க முயன்ற வோலே சோயிங்கா கைது செய்யப்பட்டு, 1969 வரை சிறையில் இருந்தார். அனைத்து இனத்தவரும் ஒன்றாகக் கற்ற வளாகம் சில மாதங்களிலேயே பிளவுண்டது.

வளாகமும் மாணவர் வாழ்வும்

வளாகத்தை வடிவமைத்தவர்கள் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களான மேக்சுவெல் ஃபிரை, ஜேன் டுரூ தம்பதியர். துளையிட்ட கற்காரைத் திரைகள், அகன்ற மாடங்கள் ஆகியவற்றின் மூலம் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுவது இவர்களது முறை. வெப்பமண்டலக் கட்டடக்கலைக்கு இவ்வளாகம் சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றது.

மாணவர் வாழ்வு விடுதிகளைச் சுற்றியே அமைந்துள்ளது. மெல்லன்பி, டெடர், குட்டி, சுல்தான் பெல்லோ, அரசி இடியா, நாம்டி அசிகிவே முதலியவை குறிப்பிடத்தக்க விடுதிகள். குட்டி விடுதி, எலியட் ஆணைக்குழு உறுப்பினரும் இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் தந்தையுமான ரான்சம்-குட்டியின் பெயரைத் தாங்கியது.

1971 பெப்ரவரி 1 அன்று விடுதி உணவு தொடர்பாக நடந்த மாணவர் போராட்டத்தின்போது காவல்துறையினர் சுட்டதில் குன்லே அடேபேஜு என்ற மாணவர் உயிரிழந்தார். மாணவர் ஒன்றியக் கட்டடத்திற்கு அவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

வளாகத்தில் கிறித்தவ ஆலயங்களும் பள்ளிவாசலும் அருகருகே உள்ளன. பள்ளிவாசலில் தொழுவோரின் பார்வையில் படும்படி அமைந்திருந்த சிலுவை குறித்து 1980களின் நடுவில் பெரும் சர்ச்சை எழுந்தது. சிலுவையை அகற்றாமல், இடையே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி இச்சிக்கலுக்குத் தீர்வு காணப்பட்டது.

இலக்கியப் பங்களிப்பு

நவீன ஆப்பிரிக்க இலக்கியத்தின் முன்னோடிகள் பலர் இங்கு பயின்றனர். 1948 இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த சினுவா அச்சிபே, பின்னர் கலைப்பாடங்களுக்கு மாறினார். மாணவர் இதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1986 இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கரான சோயிங்கா, 1952 முதல் 1954 வரை இங்கு பயின்றார். ஜே. பி. கிளார்க், ஃபுளோரா இன்வாபா, கென் சாரோ-விவா ஆகியோரும் முன்னாள் மாணவர்களே. பல்கலைக்கழகத்தின் வெளிக்கல்வித் துறையில் பணியாற்றிய உல்லி பெயர், 1957 இல் "பிளாக் ஆர்ஃபியசு" இதழைத் தொடங்கினார். அவரும் எழுத்தாளர்களும் இணைந்து 1961 இல் இபாதான் நகரில் எம்பாரி மன்றத்தை நிறுவினர்.

விரிவாக்கமும் நெருக்கடிகளும்

1971 இல் ஜோஸ் நகரில் தொடங்கப்பட்ட கிளை வளாகம் 1975 இல் ஜோஸ் பல்கலைக்கழகம் ஆனது. 1975 இல் இபாதானுடன் இணைந்து தோன்றிய இலோரின் கல்லூரியும் 1977 இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. இன்று இபாதானில் சட்டம், கால்நடை மருத்துவம், தொழில்நுட்பம், பொதுச் சுகாதாரம் உட்படப் பல புலங்கள் உள்ளன. முதுநிலை ஆய்வுக்கு இங்கு தனிச் சிறப்பிடம் உண்டு.

1980களில் எண்ணெய் வருவாய் வீழ்ந்து, 1986 இல் அமைப்புச் சீர்திருத்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தபின் அரசு நிதியின் மதிப்பு குறைந்தது. ஆசிரியர் பலர் வெளிநாடுகளுக்குச் சென்றனர். நிதி ஒதுக்கீடு, ஊதியம், பல்கலைக்கழகத் தன்னாட்சி ஆகியவற்றை முன்வைத்து, 1978 இல் உருவான பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் பல வேலைநிறுத்தங்களை நடத்தியுள்ளது. 2020 இல் மார்ச் முதல் திசம்பர் வரையும், 2022 இல் பெப்ரவரி முதல் அக்டோபர் வரையும் நாடு முழுவதும் அரசுப் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் நின்றன. இபாதானும் இதற்கு விலக்கன்று. இதனால் நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆவது மாணவர்கள் எதிர்கொள்ளும் முதன்மையான இடர்களுள் ஒன்றாகும்.