1360-இல் புறப்பட்ட நிழல்

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் நகரைக் கடக்கவிருக்கும் நிலவின் நிழலுக்கு ஒரு நீண்ட குடும்ப வரலாறு உண்டு. 1360-இல், பூமியின் தென்கோடியில் வெறும் பகுதி கிரகணமாகத் தொடங்கிய குடும்பம் அது. வானியலாளர்கள் வைத்த பெயர் சாரோஸ் 136. மொத்தம் 71 கிரகணங்கள்; 2027-இல் வருவது 38-ஆவது.

223 அமாவாசைகள் கழிந்தால், அதாவது 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரத்தில், சூரியனும் சந்திரனும் பஞ்சாங்கம் ராகு, கேது என்று சொல்லும் புள்ளிகளை ஒட்டி ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிடுகின்றன. அந்த உபரி 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த நிழல் உலகின் வேறொரு பக்கத்தில் விழுகிறது. மூன்று சுற்று, அதாவது 54 ஆண்டு ஆனால் பழைய வட்டாரத்துக்கே, சற்று வடக்கே தள்ளி, திரும்பி வருகிறது.

1919 மே 29 அன்று இந்நிழல் பிரேசிலின் சோப்ரால் வழியாகவும், ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய பிரின்சிபே தீவின் மேலும் போனது. சூரியனின் ஈர்ப்பு விண்மீன் ஒளியை வளைக்கிறது என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சோதிக்க வானியலாளர் எடிங்டன் பிரின்சிபேக்குப் போயிருந்தார். காலையில் மழை, பிறகும் மேகம் முழுதாக விலகவில்லை. அவருக்குத் தேறிய படங்கள் மிகச் சில. சோப்ராலில் எடுத்த நல்ல படங்களும் சேர்ந்துதான் ஐன்ஸ்டைனை உலகப் புகழ் பெறச் செய்தன.

1955 ஜூன் 20 அன்று இலங்கையைக் கடந்து பிலிப்பைன்ஸ் பக்கம் போனது. அன்று உச்ச இடத்தில் முழுமை, அதாவது சூரியன் முழுதாக மறைந்திருக்கும் நேரம், 7 நிமிடம் 8 வினாடி நீடித்தது. 20-ஆம் நூற்றாண்டில் அதைவிட நீண்டது வேறில்லை. 1973 ஜூன் 30 அன்று சகாராவின் மேல் ஓடியபோது, அதைத் துரத்திக்கொண்டு ஒரு கான்கார்டு விமானம் பறந்தது. உள்ளே இருந்த அறிவியலாளர்களுக்குக் கிடைத்த இருட்டு 74 நிமிடம்!

2009 ஜூலை 22 அன்று நிழல் சூரத் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. பார்க்கச் சிறந்த இடம் என்று பேசப்பட்ட பீகாரின் தாரேக்னாவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பருவமழை மேகம் வானத்தை மூடிக்கொண்டது. இருட்டியது தெரிந்தது, சூரியன் தெரியவில்லை. அதே காலையில் வாரணாசியின் படித்துறைகளில் நின்றவர்கள் முழுமையைக் கண்ணாரப் பார்த்தார்கள். நிழல் எங்கே, எந்த வினாடியில் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே பயணத் திட்டம் என்பது பெரும்பாலும் மேகத்தை யோசித்து இடம் தேர்வதுதான்.

2027-இன் பாதை அட்லாண்டிக்கில் தொடங்கி, ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி அரேபியா, ஏமன், சோமாலியா என்று போய் இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. இந்தியாவில் முழுமை கிடையாது. ஸ்பெயின் போய்வர எளிது. ஆனால் ஜிப்ரால்டர் பக்கம் கீழைக்காற்று மேகத்தைத் திரட்டிவிடும். மேலும், பாதையின் ஓரத்தில் இருக்கும் மலகாவில் முழுமை இரண்டு நிமிடம்கூட இராது. லக்சரில் அது ஆறு நிமிடத்துக்கு மேல். ஆகஸ்டில் அங்கே மேகம் மிக அரிது. கெய்ரோவில் அறை எடுத்து அங்கேயே நின்றால் பகுதி கிரகணத்தோடு திரும்ப வேண்டியதுதான், ஏனெனில் அது பாதைக்கு வெளியே இருக்கிறது.

லக்சரின் விலை வெயில். நண்பகலில் 40 டிகிரியைத் தாண்டும். சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும் என்பதால் அண்ணாந்தே இருந்தால் கழுத்து வலிக்கும். விரித்துப் படுக்க ஒரு பாய், குடை, நிறையத் தண்ணீர், இவை கேமராவைவிட முக்கியம்.

கண்ணுக்கான விதியையும் நிழலே வகுக்கிறது. சூரியனின் ஒரு கீற்று மிச்சமிருந்தாலும் ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் செய்த கிரகணக் கண்ணாடி வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோவது அப்போதைக்கு உறைக்காது. பைனாகுலர், தொலைநோக்கி, கேமரா என்றால் வடிகட்டி அவற்றின் முன்பக்கம் இருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றின் வழியே பார்த்தால், குவிந்த வெயில் அந்தக் கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

வைரமோதிரம் போன்ற கடைசி ஒளி அணைந்து நிழல் முழுதாக மேலே வந்ததும் கண்ணாடியைக் கழற்றலாம், கழற்றவும் வேண்டும். மாட்டியிருந்தால் சூரியனின் வெண்ணிற ஒளிவட்டம் தெரியவே தெரியாது. மறுபக்கம் முதல் ஒளிப்புள்ளி எட்டிப்பார்த்ததும் மறுபடி மாட்டிவிட வேண்டும். இந்த அனுமதி முழுமைப் பாதைக்குள் நிற்பவருக்கு மட்டும். ஒரு கிலோமீட்டர் வெளியே நின்றாலும் ஒரு நொடிகூடக் கழற்றக்கூடாது.

2045 ஆகஸ்ட் 12 அன்று இந்நிழல் அமெரிக்காவைக் கலிபோர்னியாவிலிருந்து புளோரிடாவரை கடக்கும். அப்போது முழுமை அதிகபட்சம் 6 நிமிடம் 6 வினாடி. 1955-க்குப் பிறகு ஒவ்வொரு வருகையிலும் சில வினாடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2622-இல் வடகோடியில் பகுதி கிரகணமாக இந்தக் குடும்பம் முடியும். லக்சரில் கிடைக்கும் அளவு நீண்ட முழுமை, எந்தக் குடும்பத்திலும், 2114-க்கு முன் இல்லை. போக முடிந்தவர்கள் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை.