சிந்திய இரத்தம் திரும்பிய கதை

பெரிய அறுவை சிகிச்சை என்றாலே நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை பாட்டில் இரத்தம் வேணுமாம்?" என்பதுதான். பாட்டில் போய்ப் பிளாஸ்டிக் பை வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பேச்சில் மட்டும் இன்னும் பாட்டில்தான். அடுத்த கேள்வி, "யார் கொடுப்பாங்க?" சொந்த ஊராக இருந்தால் சித்தப்பா மகன், மாமா மகன் என்று நாலு பேர் ஓடி வருவார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்களுக்கு அலுவலக நண்பர்களும் சங்கத்து இளைஞர்களும்தான் அந்த உறவு.

யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அறுவை மேசையிலே நோயாளி சிந்துகிற சொந்த இரத்தம் என்ன ஆகிறது? அதை எடுத்து அவருக்கே திரும்பக் கொடுக்க முடியாதா? முடியும். அந்த யோசனை நூற்றைம்பது ஆண்டுப் பழசு. ஆனால் அது நேராக வளர்ந்து வரவில்லை. பிறர் இரத்தம் சுலபமாகக் கிடைத்த காலத்தில் மருத்துவ உலகம் அதை மறந்தது. கிடைக்காதபோதும், கிடைத்ததைக் கண்டு அஞ்சியபோதும் மறுபடி தூசு தட்டி எடுத்தது.

பிரசவத்தில் இரத்தம் கொட்டித் தாய்மார்கள் இறப்பதைக் கண்டு மனம் நொந்த இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், 1818-இல் ஒரு மனிதரின் இரத்தத்தை இன்னொருவருக்குச் செலுத்திப் பார்த்தார். இரத்தப் பிரிவுகள் என்ற ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. ஒருவருக்குச் சேரும், இன்னொருவருக்கு உயிரைப் பறிக்கும். காரணம் புரியாமல் தவித்தார்கள். இந்த நிலையில்தான் வில்லியம் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் 1874-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்: பிரசவத்தில் தாய் இழக்கும் இரத்தத்தையே சேகரித்து, உறையும் நாரை நீக்கி, வெதுவெதுப்பாக்கி அவளுக்கே திருப்பித் தரலாமே! அடுத்தவர் இரத்தம் சேருமா சேராதா என்ற கவலையே இல்லையல்லவா?

செய்து காட்டியவர் எடின்பரோவின் ஜான் டங்கன். ரயில் விபத்தில் கால்கள் நசுங்கிய ஒருவருக்குக் காலை வெட்டியெடுக்கும்போது வழிந்த இரத்தத்தை ஒரு தட்டில் பிடித்து, உறையாமலிருக்கச் சோடியம் பாஸ்பேட் கரைசல் கலந்து, அவர் உடம்பிலேயே திரும்பச் செலுத்தினார். ஆள் பிழைத்துக்கொண்டார். 1886-இல் இதை மருத்துவ இதழில் எழுதியும் வைத்தார்.

1914-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோஹான்னஸ் தீஸ், கருப்பைக்கு வெளியே வளர்ந்த கரு வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் தேங்கிய மூன்று பெண்களுக்கு அந்த இரத்தத்தையே முகந்து வடிகட்டிக் கொடுத்தார். கரண்டி, வடிகட்டும் துணி, ஒரு கிண்ணம்: நம் சமையலறையிலே இருக்கிற சாமான்கள்தான். இரத்த வங்கி எட்டாத ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் பிற்காலத்திலும் இந்த எளிய முறை எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியது.

பெரிய நகரங்களில் இது மறைந்ததற்குக் காரணம், நல்ல செய்திகள்தான். வியன்னாவின் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் இரத்தப் பிரிவுகளைக் கண்டு சொன்னார். 1914-இல் சோடியம் சிட்ரேட் கலந்தால் இரத்தம் உறையாது என்று தெரிந்தது. 1937-இல் சிகாகோவில் பெர்னார்டு ஃபாண்டஸ் 'இரத்த வங்கி' என்ற பெயரையே உருவாக்கினார். வங்கியில் பணம் எடுப்பதுபோல எடுத்துக்கொள்ளலாம் என்றான பிறகு, சிந்தியதை யார் அள்ளுவார்?

மறந்த கரண்டியை மறுபடி தேட வைத்தது இரத்தக்குழாய் அறுவை. இதயத்திலிருந்து புறப்பட்டு வயிற்றின் வழியே இறங்கும் மகாதமனி, சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் உடையது. வயதும் புகைப்பழக்கமும் சேர்ந்து அதன் சுவரை நைந்துபோகச் செய்தால், பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல் புடைக்கும். வெடித்தால் பெரும்பாலும் மரணம். ஐன்ஸ்டைனுக்கு இருந்தது இதுதான். 1948-இல் ருடால்ஃப் நிசென் அந்த வீக்கத்தைச் செல்லோஃபேன் தாளால் சுற்றி வைத்தார். ஆறாண்டுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வெடித்தபோது, மறுபடி அறுவை வேண்டாம் என்று ஐன்ஸ்டைனே மறுத்துவிட்டார்.

இத்தனைக்கும் அதற்குள் வழி பிறந்திருந்தது. 1951 மார்ச்சில் பாரிசில் சார்லஸ் துபோஸ்ட், புடைத்த பகுதியை அகற்றி, இறந்தவர் ஒருவரின் தமனித் துண்டை வைத்துத் தைத்தார். பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, டேக்ரான் துணியில் செயற்கைக் குழாய் செய்தார். கடையில் நைலான் கேட்டாராம். அது தீர்ந்துபோச்சு, டேக்ரான்தான் இருக்கு என்றார்களாம். அதை வாங்கி வந்து வீட்டுத் தையல் மெஷினில் தைத்தார் என்பது மருத்துவ உலகில் புகழ்பெற்ற கதை.

இந்த அறுவையில் இரத்தம் எங்கே போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீக்கத்துக்கு மேலும் கீழும் கிளாம்ப் போட்டு ஓட்டத்தை நிறுத்துவார்கள். எல்லாம் அடைபட்டாச்சு என்று நினைத்து வீக்கத்தைத் திறந்தால், முதுகெலும்பை ஒட்டிய சிறு தமனிகள் பின்பக்கமாக இரத்தத்தைப் பொழியும். அவற்றை ஒவ்வொன்றாகத் தைத்து மூடும் வரை இழப்புதான். உறையாமலிருக்க ஏற்கெனவே ஹெப்பாரின் கொடுத்திருப்பதால் அது தானாகவும் நிற்காது. வளர்ந்தவர் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 5 லிட்டர். வீக்கம் முன்பே வெடித்திருந்தால் அதில் பெரும்பங்கு போய்விடலாம். ஆனால் இந்த இழப்பில் ஒரு நன்மையும் உண்டு. குடலின் அழுக்கோ சீழோ கலக்காத சுத்தமான இரத்தம் ஒரே குழியில் வந்து சேர்கிறது. அள்ளுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

வியட்நாம் போர் அடுத்த உந்துதலைத் தந்தது. அமெரிக்க விமானப்படை அறுவை மருத்துவர் ஜெரால்டு கிளெபனாஃப், இதய அறுவையில் பயன்பட்ட சுழல் பம்பைக் கொண்டு, உறிஞ்சிய இரத்தத்தை வடிகட்டி உடனே திருப்பும் கருவியை 1960-களின் கடைசியில் அமைத்தார். பென்ட்லி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேகமான கருவிதான், ஆனால் ஆபத்தும் கூடவே இருந்தது. சேகரிப்புப் பாத்திரம் காலியானதைக் கவனிக்காவிட்டால் பம்பு காற்றைச் சிரைக்குள் தள்ளிவிடும். அப்படிச் சிலர் இறந்தார்கள். கருவி ஒதுக்கப்பட்டது.

தீர்வு வந்த திசை வேடிக்கையானது. பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் பண்ணை இயந்திரத்தைப் பார்த்து, ஹார்வர்டு விஞ்ஞானி எட்வின் கோன் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். பொறியாளர் ஜாக் லேதம் அதைத் திருத்தி, ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க மணி வடிவக் கிண்ணமாக்கினார். 1970-களின் நடுவில் அவர் நிறுவிய ஹீமொனெடிக்ஸ், 'செல் சேவர்' என்ற இயந்திரத்தை வெளியிட்டது. மோர் கடையும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் தத்துவத்தைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

வேலை செய்யும் விதம் இதுதான். உறிஞ்சுகுழாயின் நுனியிலேயே ஹெப்பாரின் அல்லது சிட்ரேட் சொட்டுச்சொட்டாகக் கலக்கும். இரத்தம் வடிகட்டியுள்ள பாத்திரத்தில் சேரும். அங்கிருந்து கிண்ணத்துக்குப் போய் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும். கனமான சிவப்பணுக்கள் சுவரோரம் ஒதுங்க, மற்றவை வழிந்து வெளியேறும். பிறகு சலைன் விட்டு அலசினால் ஹெப்பாரின், உடைந்த அணுக்களின் கழிவு எல்லாம் போய்விடும். கெட்டியான சிவப்பணுக்கள் ஒரு பையில் இறங்கி, அங்கிருந்து நோயாளிக்குப் போகும். இயந்திரம் நேராக நரம்பில் தள்ளுவதில்லை. இடையிலே பை நிற்கிறது. காற்று அபாயத்தை இது பெரிதும் தடுத்தது.

அலசுவதில் ஒரு இழப்பும் உண்டு, இதை மறைக்கக் கூடாது. உறைவதற்கு உதவும் தட்டணுக்களும் பிளாஸ்மாவும் கழிவோடு போகின்றன. லிட்டர் கணக்கில் இப்படித் திருப்பினால், உடம்பில் சிவப்பணு இருக்கும், உறையும் சக்தி இருக்காது. அப்போது அவற்றைக் கொடையாளரிடமிருந்து பெற்றே ஆகணும். குடல் கிழிந்து கழிவு கலந்தால் பொதுவாக இந்த இரத்தத்தைத் தவிர்ப்பார்கள். புற்றுநோய் அறுவையில் இதைப் பயன்படுத்துவது பற்றி நீண்ட விவாதம் உண்டு. ஆகவே இது இரத்த வங்கிக்கு மாற்று அல்ல. அதன் பளுவைக் குறைக்கிற துணை.

இயந்திரம் வந்தும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1982-இல், இரத்தம் ஏற்றியதால் எய்ட்ஸ் தொற்றியது என்ற செய்திகள் அமெரிக்காவில் வரத் தொடங்கின. 1985-இல்தான் பரிசோதனை கிடைத்தது. நேற்றுவரை வரமாக இருந்த பை, திடீரென்று சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. செல் சேவர் பரவியது அந்தப் பயத்தின் தோளில் ஏறித்தான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் வெளிப்பட்ட இடம் சென்னை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த மாதிரிகளில், வேலூர் சி.எம்.சி.யில் செய்த பரிசோதனையில் அது தெரியவந்தது. 1989-இல் தானமாகும் இரத்தத்துக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாயிற்று. காசுக்கு இரத்தம் விற்பதை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது; 1998 ஜனவரி முதல் தடை நடப்புக்கு வந்தது. தேவையான தீர்ப்புதான். ஆனால் விற்பவர் போன இடத்தைத் தானம் செய்வோர் உடனே நிரப்பவில்லை. "நாலு யூனிட் தர்றோம், நாலு ஆள் கொண்டு வாங்க" என்ற பேச்சு மருத்துவமனை வாசல்களில் நிலைத்தது. உறவு தொலைவில் இருக்கும் நம்மவர்களை அது எப்படி வாட்டும் என்று விளக்கத் தேவையில்லை.

1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி, தொடையிலுள்ள தமனி வழியாகவே மகாதமனிக்குள் உறையிட்ட ஸ்டென்டைச் செலுத்திக் காட்டினார். அதன்பின் வயிற்றைத் திறக்கும் அறுவைகளும் இரத்த இழப்பும் பெரிதும் குறைந்தன. ஆயினும் குழாயின் அமைப்பு ஸ்டென்டுக்கு ஒத்துவராதவர்களுக்கும், வெடித்த நிலையில் வரும் சிலருக்கும் பழைய அறுவைதான்.

நம் நாட்டில் இதற்குக் குறுக்கே நிற்பது செலவு. கிண்ணமும் குழாய்களும் ஒரு நோயாளிக்கு மட்டுமே. இரத்தம் அதிகம் போகாமல் முடிந்துவிட்டால் பிரித்த பெட்டி வீண் என்று தயங்குகிறார்கள். இதற்கும் வழி இருக்கிறது. உறிஞ்சுகுழாயையும் சேகரிக்கும் பாத்திரத்தையும் மட்டும் முதலில் பிரித்து மாட்டிவைப்பார்கள். போதிய இரத்தம் சேர்ந்தால்தான் அலசும் கிண்ணத்தைப் பிரிப்பார்கள். சேராவிட்டால் அந்தச் செலவு மிச்சம். வீட்டுப் பெரியவருக்கு மகாதமனி அறுவை என்று நாள் குறிக்கும்போது, கொடையாளர் பட்டியலோடு மயக்க மருத்துவரிடம் போய், "டாக்டர், செல் சேவர் இருக்கா? சேகரிக்க மட்டும் மாட்டி வைக்க முடியுமா?" என்று கேட்கலாம். கேட்பதற்குத் தகுந்த நேரம், அறுவைக்கு முந்தைய நாள் அவர் நோயாளியைப் பார்க்க வரும்போதுதான்.