அழுகின்ற பிள்ளையும் ஆசிரியனும்

பள்ளிக்கூட வரலாறு என்றதும் மன்னர் அளித்த மானியங்களும் அறிஞர் வகுத்த பாடத்திட்டங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் வகுப்பில் அழுதால் என்ன செய்வது என்ற சிறு கேள்விக்கும் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதனை நான் தேடிப் படித்தமைக்கு என் பிழை ஒன்றே காரணம். ஆதலின் அப்பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

1981-ஆம் ஆண்டில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, கரிசல் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியனாக அமர்ந்தேன். மாணவி ஒருத்தி நாள்தோறும் தன் தம்பியை இடுப்பில் சுமந்து வருவாள். தாய் விடியுமுன்பே களை பறிக்கப் போய்விடுவாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. காலையில் அவன் சமர்த்தாகவே இருப்பான். பதினொரு மணி ஆனதும் சிணுங்குவான், சிலேட்டைப் பிடுங்குவான், அடுத்த பிள்ளையைக் கடிப்பான், பின்னர் வீறிட்டு அழுவான். ஒரு நாள் நான் பொறுமை இழந்து, “வருவதானால் அவனை விட்டுவிட்டு வா” என்று அப்பெண்ணிடம் கூறிவிட்டேன். அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை, பின்னர் வரவே இல்லை. வகுப்பு அமைதியாயிற்று. அந்த அமைதியை என் திறமை என்று எண்ணிக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்துக் கல்வி வரலாற்று நூல்களைப் புரட்டியபோது என்னைப் போன்றவர்களையும் அங்கே கண்டேன். என்னினும் மேலானவர்களையும் கண்டேன்.

ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்ற ஊரில் நூற்பாலை நடத்தியவர் இராபர்ட் ஓவன். 1816-ஆம் ஆண்டில் தம் தொழிலாளரின் சிறு குழந்தைகளுக்கென அவர் ஒரு பள்ளி திறந்தார். அதற்கு அவர் தேர்ந்த ஆசிரியர் பெரும் புலவரல்லர். ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளி. உதவிக்கு மோலி யங் என்னும் இளம்பெண். படிப்பைக் காட்டிலும் குழந்தைகளிடத்துப் பொறுமையும் அன்பும் உண்டா என்பதையே ஓவன் நோக்கினார். அடித்தலாகாது, கடுஞ்சொல் ஆகாது, புத்தகத்தைக் கொண்டு வருத்தலும் ஆகாது என்பன அவர் இட்ட கட்டளைகள்.

அடுத்து, 1820-ஆம் ஆண்டில் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் சாமுவேல் வில்டர்ஸ்பின் என்பவர் குழந்தைப் பள்ளி தொடங்கினார். முதல் நாள் நிகழ்ச்சியை அவரே எழுதி வைத்திருக்கிறார். தாய்மார் சென்றதுதான் தாமதம். ஒரு பிள்ளை அழ, அது கண்டு மற்றொன்று அழ, அறை முழுவதும் ஓலமாயிற்று. அவருடைய மனைவியார் தாங்கமாட்டாமல் வெளியேறினார். செய்வதறியாத வில்டர்ஸ்பின், மனைவியின் தொப்பியை ஒரு கோலின் நுனியில் மாட்டி உயர்த்திக் காட்டினார். அழுகை நின்றது. சற்றைக்கெல்லாம் வேடிக்கை சலித்துப்போகவே, “நான் பெரிய வாத்து, நீங்களெல்லாம் குஞ்சுகள்” என்று விளையாட்டைத் தொடங்கினார். அறை முழுவதும் வாத்துக் குரல் எழுந்தது! அழுகையை அதட்டி அடக்க இயலாது, மனத்தை வேறு வழியில் திருப்பலாம் என்று அவர் அன்று கற்றுக்கொண்டார்.

ஆயினும் அந்நூற்றாண்டு போகப் போக, படிப்படியாக உயர்ந்த பலகைகளில் பச்சிளங் குழந்தைகளை நெருக்கி அமர்த்தி, கைகட்டச் சொல்லும் வழக்கமே பரவிற்று. 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெண் ஆய்வாளர் ஐவர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வகுப்புகளைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தனர். இவ்வகைப் பாடத்தால் இவ்வயதினருக்குப் பயன் யாதும் இல்லை என்பது அதன் சாரம். நல்ல அறிக்கைதான், ஆனால் விளைவு வேறாயிற்று. அவ்வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் உரிமை உள்ளூர்க் கல்வி அதிகாரிகளுக்கு அதே ஆண்டில் வழங்கப்பட்டது. பள்ளி கதவை அடைத்தால், உழைக்கும் தாயின் பிள்ளை எங்கே போகும்? ‘விட்டுவிட்டு வா’ என்று நான் சொன்னதை ஒரு நாடே சொல்லியிருந்தது!

இதற்கு விடை கண்டவர்கள் ரேச்சல், மார்கரெட் மக்மில்லன் என்னும் சகோதரிகள். 1914-ஆம் ஆண்டில் லண்டனில் ஏழைகள் வாழ்ந்த டெட்ஃபோர்டு பகுதியில் தோட்டத்தின் நடுவே திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியை அவர்கள் அமைத்தனர். வந்த பிள்ளையைக் குளிப்பாட்டினர், உணவு கொடுத்தனர், விளையாடவிட்டனர், நண்பகல் உணவுக்குப் பின் சிறு கித்தான் கட்டில்களில் காற்றாட உறங்க வைத்தனர். உறக்கமும் பாடவேளைகளுள் ஒன்றாயிற்று.

இதற்கு ஏழாண்டு முன்னர், 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதற் குழந்தையர் இல்லத்தைத் திறந்தார். ஒரு நாள் அவர் நான்கு மாதக் குழந்தை ஒன்றை வகுப்புக்குள் ஏந்தி வந்து, இதைப் போல் நீங்கள் அசையாதிருக்க முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் மூச்சையும் மெல்ல விட்டு அமைதி காத்தனர். அவரது புகழ்பெற்ற ‘மௌன விளையாட்டு’ அவ்வாறு பிறந்தது. திணிக்கப்பட்ட அமைதி வேறு. பிள்ளை தானே விரும்பி ஏற்கும் அமைதி வேறு. இவ்வம்மையார் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நமக்குப் பெருமை.

நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கிற்று. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தமிழகத்தில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, கிராமங்களில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதில் பங்கு கிடைத்தது. நண்பகலில் ஓர் அங்கன்வாடிக்குச் சென்று பாருங்கள். உண்ட பிள்ளைகள் பாயில் வரிசையாகத் துயில்வர். அக்காட்சியைக் காணும்போதெல்லாம், ஓராண்டுக்கு முன் நான் வெளியே அனுப்பிய அந்த அக்காளும் தம்பியுமே என் கண்முன் நிற்கின்றனர். அவன் முரடன் அல்லன். விடியுமுன் எழுப்பப்பட்டவன், பசித்தவன். அதைக் கேட்டறிய எனக்குத் தோன்றவில்லை. அவனால் அன்று, என்னால் அவள் படிப்பு நின்றது.

பின்னாளில் தலைமையாசிரியனானபோது, கீழ்வகுப்பு அறையின் மூலையில் எப்போதும் ஒரு கோரைப்பாய் விரித்து வைத்தேன். பிள்ளை அழுதால் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு இளம் ஆசிரியர்களிடம் கூறி வந்தேன்: உறங்கினானா? உண்டானா? யார் முகத்தைத் தேடுகிறான்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னர், பிரம்பை நாடிய ஆசிரியரை நான் கண்டதில்லை.