மத்தி எங்கே போச்சு?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு ஒரு சின்ன கொசுவத்தி சுத்திட்டு, அப்படியே நூறு வருஷம் பின்னாடி போயிட்டு வரலாம்.

எங்க ஊர் ஆலங்காயம். ஜவ்வாது மலை அடிவாரம். கடலைப் பார்க்கணும்னா 200 கிலோமீட்டருக்கு மேல பஸ்ல போகணும். ஆனா எங்க வீட்டுல தினமும் சாயங்காலம் மீன் வாசனை வரும், குழம்பு வைக்காமலே! அப்பா வாணியம்பாடி பக்கம் ஒரு டேனரியில டிரம் ஓட்டுற வேலை பார்த்தாரு. அவர் சட்டையை அம்மா எங்க துணியோட சேர்க்கவே மாட்டாங்க, தனி பக்கெட்தான். சின்ன வயசுல அது தோல் நாத்தம்னு நினைச்சிருந்தேன். ஒருநாள் கேட்டப்போ அப்பா சிரிச்சாரு. "அது தோல் நாத்தம் இல்லடா, மீன் எண்ணெய்."

பதப்படுத்தின தோலை அப்படியே காய விட்டா அப்பளம் மாதிரி விறைச்சுப் போயிடும். உள்ளே இருக்கிற நார்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டாம இருக்க நார்களுக்கு நடுவுல எண்ணெய் போகணும். அப்போதான் தோல் மெத்துன்னு மடியும். இதுக்குப் பல எண்ணெய் உண்டு, அதுல மீன் எண்ணெய் ரொம்பப் பழசு. நம்ம நாட்டுல மீன் எண்ணெய்னா முக்கியமா மத்தி எண்ணெய். தெக்கத்திக்காரங்க சாளைன்னு சொல்வாங்களே, அதே மீன்தான்.

சரி, மத்திக்கு அந்த எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு? இந்தக் கேள்வியைப் புடிச்சுக்கிட்டுப் போனதுதான் இந்தப் பதிவு.

நிக்கல்சன்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. கூட்டுறவு வங்கி வரலாறு படிச்சவங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும். விவசாயிகளுக்கான கடன் வங்கிகள் பற்றி 1895-97ல் பெரிய அறிக்கை எழுதியவர் இவர்தான். அதே மனுஷனை 1905ல் சென்னை மாகாண அரசு மீன்வளம் பக்கம் திருப்பிவிட்டது. 1907ல் மாகாணத்துக்குத் தனி மீன்வளத்துறை வந்தது. மலபார் அப்போ சென்னை மாகாணத்தோட ஒரு ஜில்லா என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க. அங்கே மத்தி கரைக்கு வந்தா மலை மாதிரி குவியும். தின்னு தீராது, உப்பு போட்டும் தீராது. மிச்சத்தைத் தென்னந்தோப்புக்கு உரமாகக் கொட்டுவாங்க. அதைக் காய்ச்சி எண்ணெயைத் தனியாகவும் சக்கையை உரமாகவும் பிரிக்க நிக்கல்சன் சோதனைகள் நடத்தினார். கடற்கரை நெடுகச் சின்னச் சின்ன எண்ணெய் ஆலைகள் முளைத்தன.

ஆனா மத்திக்கு ஒரு கெட்ட குணம். ஒரு வருஷம் கொட்டும், இன்னொரு வருஷம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆலை போட்டவன், வலை வாங்கக் கடன் வாங்கினவன் எல்லாரும் நடுத்தெருவுலதான்.

ஏன் இப்படின்னு தேடினவங்கதான் நம்ம கதையோட நிஜ ஹீரோக்கள். ஜேம்ஸ் ஹார்னெல், முதலில் இலங்கையில் முத்துச்சிப்பி ஆராய்ச்சி பண்ணினவர், பின்னாடி சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநர் ஆனவர். அவரும் ராமஸ்வாமி நாயுடுவும் சேர்ந்து 1923ல் மத்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்கள். அவங்க வலையை மட்டும் பார்க்கல, மீனோட வயித்தைக் கிழிச்சு உள்ளே என்ன இருக்குன்னு நுண்ணோக்கியில் பார்த்தாங்க. உள்ளே இருந்தது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத கடல் தாவரங்கள். மலபார் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் பற்றிய குறிப்புகளையும் அதே கட்டுரையில் சேர்த்தார்கள்.

இதைத்தான் ஃபைட்டோபிளாங்க்டன்னு சொல்றாங்க. தமிழ்ல மிதவைத் தாவரம். வேர் கிடையாது, இலை கிடையாது, பெரும்பாலும் ஒரே ஒரு செல். வெயில் படுற மேல்மட்டத் தண்ணியில மிதந்துக்கிட்டு, நம்ம ஊர் நெல்லுப் பயிர் செய்யற அதே ஒளிச்சேர்க்கையைச் செய்யும். இதுல டயாட்டம்னு ஒரு வகை, மணலில் இருக்கிற அதே சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுத்தி ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கும்!

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது மலபார் கரையோர மேல்தண்ணி கடலுக்குள்ள தள்ளப்படும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணி மேலே வரும், கூடவே அடியில் தங்கியிருந்த உரச்சத்தும் வரும். அவ்வளவுதான், டயாட்டம் கிடுகிடுன்னு பெருகும். மத்தி வாயைத் திறந்துக்கிட்டே நீந்தி, செவுளில் இருக்கிற சல்லடையால் அதை வடிகட்டித் தின்னும். பருவக்காற்று பிசகினா பயிர் பிசகும், பயிர் பிசகினா மத்தி பிசகும். அதோட ஆயுசே ரெண்டு மூணு வருஷம்தான், அதனால ரெண்டு மோசமான பருவம் போதும், கூட்டமே கரைஞ்சுடும்.

1940களில் நிஜமாகவே கரைந்தது. பல வருஷம் மலபாரில் மத்தியே இல்லைங்கற நிலைமை. 1943ல் சில வலைகளுக்குக் கட்டுப்பாடு போட்டாங்க. அதே வருஷம்தான் தேவனேசன் மத்தியின் முட்டை, அது முட்டையிடும் இடம் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். கட்டுப்பாடு நீடிக்கல, மீனும் உடனே திரும்பல. 1950களின் பிற்பகுதியில்தான் மறுபடியும் அள்ளிக் கொடுத்தது.

இடையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வேலை சத்தமில்லாம நடந்தது. இந்தியப் பாசியியலின் தந்தைன்னு சொல்லப்படுற எம்.ஓ.பி. ஐயங்கார் (1886-1963) இருந்த இடம் அது. அவரோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதிய ஆர்.சுப்ரமணியன், சென்னைக் கடற்கரைத் தண்ணியில் மிதக்கும் டயாட்டம்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வரைந்து, பெயர் சொல்லி 1946ல் வெளியிட்டார். நாம சுண்டல் தின்னுட்டு வர்ற கடற்கரைங்க அது! அந்த வேலையால யாருக்கு என்ன பிரயோஜனம்னு அப்போ யாராவது கேட்டிருப்பாங்க. பதில் 1955ல் வந்தது. சுப்ரமணியனும் ஆர்.வி.நாயரும் எழுதிய கட்டுரை: ஃப்ராஜிலேரியா ஓஷியானிக்கா என்ற ஒரு டயாட்டம் கடலில் நிறைய இருந்தால் மத்தியும் நிறைய வரும், அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத ஒன்றை அடையாளமா வைக்க முடியுமா? பெயர் வச்சவன் இருந்ததாலதான் முடிஞ்சது.

இப்போ எண்ணெய்க் கதைக்குத் திரும்புவோம். மீன் சாப்பிட்டா மூளைக்கு நல்லது, இதயத்துக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்றாரே, அந்த ஒமேகா-3 கொழுப்பைப் பெரும்பாலும் மீன் தானா செய்யறதில்லை. செய்யறது மிதவைத் தாவரம். மத்தி அதைத் தின்னு சேர்த்து வைக்குது, அவ்வளவுதான். ஆக, மத்திக் குழம்பு சாப்பிடும்போது நாம ஒரு வகையில கடல் கீரைதான் சாப்பிடறோம். அப்பா சட்டையில ஒட்டிக்கிட்டு வந்ததும் அந்தக் கீரையோட எண்ணெய்தான் :-)

உலகக் கணக்கு இன்னும் பெரிசு. பூமியில் ஒரு வருஷத்துக்கு ஒளிச்சேர்க்கை மூலம் உருவாகும் புதுச் சத்தில் கிட்டத்தட்டப் பாதி கடலில் நடக்குது. ஆனா உலகத்துத் தாவரங்களோட மொத்த எடையில் இந்த மிதவைக் கூட்டம் 1 சதவீதம்கூட இல்லை. எப்படின்னா, ஒரு பக்கம் இது பெருகிக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் யாராவது தின்னுக்கிட்டே இருப்பாங்க.

"நம்ம ரெண்டாவது மூச்சு கடல் தருது"ன்னு ஃபார்வர்ட் மெசேஜ்ல வரும். பாதி சரி. கடல் தயாரிக்கிற ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே செலவழிச்சுடும். நாம இழுக்கிறது கோடிக்கணக்கான வருஷம் மிச்சம் பிடிச்ச சேமிப்பு. அந்தச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கி வச்சதும் இந்த வம்சத்தோட முன்னோர்கள்தான், 200 கோடி வருஷத்துக்கும் முன்னாடி.

அப்போ இன்னைக்கு நிலைமை? 2012ல் கேரளாவில் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி. 2021ல் வெறும் 3,297 டன். (தட்டச்சுப் பிழை இல்லைங்க!) மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்கு இது. முதலில் மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்து, 1971ல் கொச்சிக்குப் போன நிறுவனம். அப்புறம் மீன் திரும்பி வந்துச்சு, ஆனா அந்தப் பயம் போகல. குஞ்சு மீனைக்கூட விடாம அள்ளுனதும் ஒரு காரணம், கடல் சூடானதும் ஒரு காரணம். மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது வருஷத்தில் மிதவைத் தாவரங்கள் 20 சதவீதம் வரை குறைஞ்சிருக்கலாம்னு 2016ல் ராக்ஸி குழுவினர் எழுதினார்கள். மேல்தண்ணி சூடானா அடித்தண்ணியோட கலக்காது, உரம் மேலே வராது. மழை பொய்ச்ச மானாவாரி நிலம் மாதிரிதான்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. அன்னைக்கு நுண்ணோக்கி, இன்னைக்கு செயற்கைக்கோள். 1999 மே மாதம் போன ஓஷன்சாட்-1, கடலோட நிறத்தை வச்சே எங்கே பச்சையம் அதிகம்னு பார்த்தது. அதுக்கு அப்புறம் போன ஓஷன்சாட்டுகளும் அதையே பார்க்குது. எங்கே வலை போடலாம்னு மீனவர்களுக்கு வர்ற தகவலில் இந்தப் பச்சைக் கணக்கும் உண்டு.

எனக்கு உறைச்சது இதுதான். எங்க பாலாறு கெட்டுப்போன கதை எல்லாருக்கும் தெரியும். 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ எத்தனையோ கிணறு ஏற்கனவே உப்பாகியிருந்தது. கெட்ட பிறகுதான் அளந்தோம். ஹார்னெலும் நாயுடுவும் சுப்ரமணியனும் கெடுறதுக்கு முன்னாடியே எண்ணி எழுதி வச்சாங்க. அதனாலதான் இன்னைக்கு மத்தி குறையும்போது ஏன்னு கேட்கவாவது ஒரு பழைய கணக்கு கையில இருக்கு. பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, லாக் இல்லாம பிழை கண்டுபிடிக்க முடியாது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இப்போ வேலைக்குப் போறதில்லை. வாணியம்பாடி மார்க்கெட்ல மத்தி வாங்கிட்டு வந்திருந்தாரு. இந்தக் கதையெல்லாம் ஒரு மூச்சு சொல்லி முடிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு, முள்ளை எடுத்துக்கிட்டே சொன்னாரு: "அப்போ முப்பது வருஷமா நான் தோலுக்கு ஊட்டுனதைத்தான் உங்கம்மா எனக்கு ஊட்டுறான்னு சொல்லு."

அம்மா முறைச்ச முறைப்பை எழுத எனக்குத் தைரியம் இல்லை.