ஒன்றரை லட்சம் கையெழுத்துகள்

2011 ஜூன் 28 அன்று, ஜான் கிரீன் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் அடுத்த நாவலின் தலைப்பை இணையத்தில் அறிவித்தார்: 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. அப்போது புத்தகத்துக்கு அட்டை கிடையாது. ஏன், நாவலே இன்னும் முழுசாக முடியவில்லை. முதல் அச்சின் எல்லாப் பிரதிகளிலும் கையெழுத்துப் போடுவேன் என்று மட்டும் சொன்னார். தொடக்கப் பக்கங்களைக் கேமரா முன்னால் வாசித்தும் காட்டினார். சில மணி நேரத்தில் அமேசானிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளத்திலும் அந்த இல்லாத புத்தகம் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. வாசகர்கள் தாங்களே அட்டை வரைந்து பகிர ஆரம்பித்தார்கள்.

நம்மில் பலருக்கு இந்தக் கதை 2020இல் வந்த 'தில் பேச்சாரா' இந்திப் படத்தின் வழியாகத் தெரிந்திருக்கும். சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் கடைசிப் படம், ஏ.ஆர். ரஹ்மானின் இசை. மூல நாவல் உலகெங்கும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

எழுதுபவர்கள் கூடும் இடங்களில் ஜான் கிரீனின் பெயர் ஒரு வியாபாரப் பாடமாகத்தான் அடிபடுகிறது. "பாருங்க, அவர் யூடியூப்ல வீடியோ போட்டார், புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. நீங்களும் ரீல்ஸ் போடுங்க." இந்தப் பாடத்தில் எனக்குள்ள சிக்கல் ஒன்றுதான். இது கதையை 2011இல் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய பத்து வருடங்களை வெட்டி எறிந்துவிடுகிறது.

1

ஜான் கிரீன் 1977இல் இண்டியானாபொலிஸில் பிறந்தார், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் வளர்ந்தார், அலபாமாவில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தார். ஒஹாயோவின் கென்யன் கல்லூரியில் ஆங்கிலமும் சமயவியலும் படித்து 2000இல் பட்டம் பெற்றார். பாதிரியார் ஆகலாம் என்ற யோசனை இருந்தது. அதற்கான பயிற்சிபோல, ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சில மாதங்கள் சமயத் துணையாளராக வேலை பார்த்தார். அதாவது, உயிருக்குப் போராடும் குழந்தைகளின் பெற்றோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன் அவர்களிடம் என்ன சொல்லிவிட முடியும்? பாதிரியார் ஆகும் எண்ணத்தைக் கைவிட்டார். ஆனால் அந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு நாவல் எழுதியே ஆக வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிடித்துக்கொண்டது. பத்து வருடம் அது எழுத வரவில்லை.

பிறகு சிகாகோவில் 'புக்லிஸ்ட்' பத்திரிகையில் வேலை. அமெரிக்க நூலகச் சங்கம் நடத்தும் பத்திரிகை அது. எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று நூலகர்கள் முடிவெடுக்க உதவும் சிறு மதிப்புரைகள்தான் அதன் உயிர். கிரீனும் அங்கே நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் எழுதினார்.

இளையோர் நாவலின் வரலாற்றில் இந்த நூலகர்களின் இடம் பெரியது. 1967இல் எஸ்.இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' வந்தபோது அவருக்கு வயது 18. பெண் எழுதியது என்று தெரிந்தால் மதிப்புரையாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம் பெயரை இனிஷியலாகச் சுருக்கியது. அந்த நாவலைக் கையில் எடுத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோனவர்கள் பள்ளி ஆசிரியர்களும் நூலகர்களும்தான். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் இந்த வகை நாவலுக்கு அதுதான் விளம்பரம்: "இந்தா, இதைப் படிச்சுப் பாரு" என்று ஒருவர் சொல்வது.

கிரீனின் முதல் நாவல் 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா' 2005இல் வந்தது. 2006இல் அதற்கு மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருது கிடைத்தது. அதுவும் நூலகச் சங்கம் தரும் விருதுதான். நாவல் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலை எட்டியதோ 2012இல். ஏழு வருடம்! விருதும் நல்ல மதிப்புரையும் ஒரு புத்தகத்தை உயிரோடு வைத்திருக்கும், ஆனால் கூட்டத்தைக் கூட்டிவராது.

2

2007 ஜனவரி 1. ஜானும் அவருடைய தம்பி ஹாங்கும் ஒரு விளையாட்டை ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்துக்கு இருவருக்கும் இடையே எழுத்துத் தொடர்பே கிடையாது. மின்னஞ்சல் கூடாது, குறுஞ்செய்தி கூடாது. வார நாட்களில் ஒருநாள் அண்ணன், மறுநாள் தம்பி என்று வீடியோ போட வேண்டும். தவறினால் தண்டனை. யூடியூப் பிறந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த வீடியோக்களில் அவர்கள் நாவலை விற்கவில்லை. அண்ணன் தம்பி என்ன பேசுவார்களோ அதைத்தான் பேசினார்கள்: படித்தது, பயந்தது, கேலி, கிண்டல்.

பிப்ரவரியில் ஒரு விமான நிலையத்தில் 'ஏரோ ஃபைட்டர்ஸ்' என்ற வீடியோ கேம் இயந்திரத்தின் பெயரை ஜான் 'நெர்ட்ஃபைட்டர்ஸ்' என்று தப்பாக வாசித்தார். அந்தப் பெயரே அவர்களுடைய பார்வையாளர்களுக்கு நிலைத்துவிட்டது. புத்தகப் புழு என்று வகுப்பில் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு அது தங்கள் கட்சியின் பெயர் மாதிரி ஆனது.

கூட்டம் வந்தது ஜூலையில். ஹாரி பாட்டரின் கடைசிப் புத்தகம் வெளிவருவதற்கு மூன்று நாள் முன்பு, அதற்காகக் காத்திருப்பதைப் பற்றி ஹாங்க் ஒரு பாட்டுப் பாடிப் போட்டார். யூடியூப் அதைத் தன் முகப்புப் பக்கத்தில் வைத்தது. ஜான் கிரீனின் வாசகர் கூட்டத்துக்கு முதல் விதை விழுந்தது இப்படித்தான்: தம்பியின் குரலில், இன்னொரு எழுத்தாளரின் புத்தகத்தின் மேல். விளம்பரப் பாடம் எடுப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் பாடம் நடத்த முடியாது. இதை யாராலும் திட்டமிட முடியாதே!

டிசம்பரில் இந்தக் கூட்டம் தொண்டு நிறுவனங்களுக்காக வீடியோக்கள் செய்து யூடியூபை நிரப்பியது. ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாக அது மாறியது. 2008 அக்டோபரில் வந்த 'பேப்பர் டவுன்ஸ்' நியூயார்க் டைம்ஸின் சிறார் பட்டியலில் நேராக 5ஆம் இடத்தில் நுழைந்தது. முதல் நாவலுக்கு ஏழு வருடம் பிடித்தது நான்காம் வருடத்தில் வந்த இந்த நாவலுக்கு உடனே கிடைத்தது. நடுவில் மாறியது ஒன்றுதான். வாசகர்கள் இப்போது ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்.

3

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி எஸ்தர் கிரேஸ் ஏர்ல். தைராய்டு புற்றுநோய் இருந்த சிறுமி. 2009இல் பாஸ்டனில் நடந்த ஹாரி பாட்டர் ரசிகர் மாநாட்டில் ஜானைச் சந்தித்தாள். நண்பர்கள் ஆனார்கள். 2010 ஆகஸ்டில், 16 வயதில், இறந்துபோனாள்.

பத்து வருடமாக எழுத வராத மருத்துவமனை நாவல் அதற்கப்புறம்தான் வந்தது. கதைநாயகி ஹேசல் கிரேஸுக்கு 16 வயது. அதே நோய். நடுப்பெயரும் அதே. புத்தகம் எஸ்தருக்குச் சமர்ப்பணம். ஆனாலும், ஹேசல் எஸ்தர் அல்ல என்று கிரீன் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். எஸ்தரைத் தெரிந்திராவிட்டால் இதை எழுதியிருக்க முடியாது என்றும் கூடவே சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் எனக்கு ஒரு கேள்வி நிற்கிறது. இறந்துபோன சிறுமியின் நினைவும் நாவலின் விற்பனையும் ஒரே இணையவெளியில், ஒரே ஆட்களிடையே நடக்கும்போது, துக்கம் எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது?

இதற்குச் சுத்தமான பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எஸ்தரின் குறிப்புகளும் கடிதங்களும் 2014இல் 'திஸ் ஸ்டார் வோன்ட் கோ அவுட்' என்ற தனிப் புத்தகமாக வந்தன. முன்னுரை ஜான் கிரீனுடையது. நாவலின் வெளிச்சத்தில்தான் அந்தப் புத்தகம் அவ்வளவு பேரை அடைந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதில் எஸ்தர் தன் குரலில் பேசுகிறாள். யாருடைய கதைநாயகியாகவும் இல்லை.

4

சரி, கையெழுத்துக்கு வருவோம். முதல் அச்சு 1,50,000 பிரதிகள் என்று பதிப்பகம் முடிவு செய்தது. வாக்கு கொடுத்தாயிற்று. அச்சடித்த புத்தகங்களில் போடவில்லை. தனித்தாள்கள் பெட்டி பெட்டியாக வந்தன, கையெழுத்தானபின் திரும்பிப் போய்ப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டன. ஒரு கையெழுத்துக்கு 10 நொடி என்று வைத்துக்கொண்டால்கூட 416 மணி நேரம் ஆகிறது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் ஆறு வாரம். வேறு எந்த வேலையும் இல்லாமல்! அவருடைய தோள் வலி கண்டு, சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று.

இதில் தந்திரம் இல்லையா? உண்டு. முன்பதிவுகள் பிரதி எண்ணிக்கையை ஏற்றும், பட்டியலில் இடம் கொடுக்கும், கடைகளைக் கவனிக்க வைக்கும். பதிப்பாளருக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் இணையத்தில் நடந்த விளம்பரத்தின் மையத்தில் இணையமே செய்ய முடியாத ஒரு காரியம் இருந்தது என்பதைப் பாருங்கள். பேனாவும் தாளும். நகல் எடுக்க முடியாத ஒன்று. முன்பு நூலகர் கையில் இருந்து பிள்ளையின் கைக்குப் போன புத்தகத்தில் இருந்த அந்தத் தொடுகையை, இடையில் யாரும் இல்லாமல் ஒரு மனிதர் ஒன்றரை லட்சம் தடவை செய்துபார்த்தார்.

முதலில் திட்டமிட்டதைவிட முன்னதாகவே, 2012 ஜனவரி 10 அன்று நாவல் வெளிவந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு விற்பனையாளர் தவறுதலாகச் சில நூறு பிரதிகளுக்கும் மேல் அனுப்பிவிட, கதை வெளியே கசிந்துவிடும் நிலை. கதையை உடைக்க வேண்டாம் என்று கிரீன் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். வேறென்ன செய்ய முடியும்? ஒரு கூட்டத்திடம் இப்படிக் கேட்க முடிவதற்கு ஐந்து வருடப் பழக்கம் வேண்டும்.

5

இனி நாவலுக்குள் போவோம். ஹேசலுக்கு ஒரு புத்தகம் உயிர். பீட்டர் வான் ஹூட்டன் என்பவர் எழுதியது, வாக்கியத்தின் நடுவிலேயே முடிந்துவிடுவது. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக, ஆக்ஸிஜன் உருளையை இழுத்துக்கொண்டு, அகஸ்டஸோடு அமெரிக்காவில் இருந்து ஆம்ஸ்டர்டாம் வரை போகிறாள். கதவைத் திறக்கும் எழுத்தாளர் ஒரு குடிகாரர், வாய் கெட்டவர். அவளை அவமானப்படுத்தி அனுப்புகிறார். கேள்விக்குப் பதிலே இல்லை.

வாரம் தவறாமல் வாசகர்களோடு பேசிய எழுத்தாளர், கையெழுத்துப் போட்டே தோளைக் கெடுத்துக்கொண்டவர், எழுதியது என்னவோ எழுத்தாளரைத் தேடிப் போகாதே என்கிற கதையை! எனக்கு இந்த நாவலில் பிடித்த இடமே இதுதான். புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு குறிப்பும் உண்டு: இது கற்பனை, இதில் உண்மைச் சம்பவங்களைத் தேடுவது கதைக்கு நல்லதல்ல என்ற பொருளில். புத்தகம் வாசகர்களுடையது என்று அவர் வெளியிலும் சொல்லிவந்தார். ஹேசலுக்கு வேண்டிய பதில் வான் ஹூட்டனிடம் இல்லை, அவளிடம்தான் இருந்தது. எழுத்தாளர் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் புத்தகத்துக்குள் அவர் கூட வரமாட்டார். அத்தனை வீடியோ போட்ட ஒருவருக்குத்தான் இது நன்றாகத் தெரிந்திருக்க முடியும்.

6

2014 ஜூனில் படம் வந்தது. 1.2 கோடி டாலரில் எடுத்து 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இளையோர் இலக்கியத்தில் யதார்த்தவாதத்தை மீட்டவர் ஜான் கிரீன் என்று பத்திரிகைகள் எழுதின. உடனே எதிர்ப்பும் வந்தது, நியாயமான எதிர்ப்பு. ஜூடி ப்ளூம் 1975இலேயே 'ஃபாரெவர்' எழுதியவர். பாலியல் வன்முறைக்குப் பிறகு பேச்சை இழந்த பெண்ணைப் பற்றி லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999இல் 'ஸ்பீக்' எழுதினார். பெண்கள் உழுது போட்ட வயலுக்கு ஓர் ஆணின் பெயரை வைப்பதா? கேமரா முன்னால் இருந்த முகம் வரலாற்றின் முகமாக ஆகிவிட்டது. இணைய விளம்பரம் செய்யும் தீமை இது என்பேன். அருகில் தெரிபவர்தான் முதல்வர் என்று நம்ப வைத்துவிடும்.

அவருக்கும் விலை இருந்தது. சிறுவயது முதல் எண்ணச் சுழல் நோயோடு வாழ்பவர் அவர். அந்தப் பெரிய வெற்றிக்குப் பிறகு அடுத்த நாவலுக்கு ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆனது. 2017 அக்டோபரில் வந்த 'டர்ட்டில்ஸ் ஆல் தி வே டவுன்' அந்த நோயோடு வாழும் பெண்ணைப் பற்றியதுதான். எத்தனையோ பேர் தன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்ற உணர்வோடு எழுத உட்காருவது எவ்வளவு சிரமம் என்று அவரே பேசியிருக்கிறார்.

அந்தப் பழைய கூட்டம் இன்றும் கலையவில்லை. 2023இல் காசநோய் மருந்தான பெடாகுவிலினின் காப்புரிமைக்கு எதிராகக் கிரீன் வீடியோ போட்டபோது, ஆயிரக்கணக்கில் குரல் எழுப்பியவர்கள் அவர்கள்தான். 2025இல் அவர் காசநோயைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

ஆகவே நண்பர்களே, முதல் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு "எத்தனை ரீல்ஸ் போடணும்?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இது. 2011 ஜூன் மாதத்து அந்தச் சில மணி நேரத்துக்குப் பின்னால் நாலரை வருட வீடியோக்கள் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை புத்தகத்தைப் பற்றியே இல்லை. அதற்கும் பின்னால் நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் இருந்தன, எல்லாம் மற்றவர்களின் புத்தகங்களுக்கு எழுதியவை. அதற்கும் பின்னால், ஒரு மருத்துவமனையில் பேச வார்த்தையில்லாமல் உட்கார்ந்திருந்த சில மாதங்கள். இதில் எதை நீக்கினாலும் அந்த நாவல் இல்லை.