பாகூர் வயலில் 27ஆம் பிரிவு

1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் களைக்கொல்லிகளும் அடக்கம். நெல்வயலில் தெளிக்கும் பியூட்டாகுளோர், வரப்புப் புல்லைக் கருக்கும் கிளைபோசேட், பாராகுவாட் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. உடனடி ஆபத்து என்றால் மாநில அரசு தடைவிதிக்க இடம்தருவது அதன் 27ஆம் பிரிவு. புதுச்சேரியில் அந்தத் தடையாணை துணைநிலை ஆளுநர் பெயரில் வரும். அப்பிரிவின் வாசகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'26ஆம் பிரிவின்படி அறிக்கை வந்தாலோ, வேறு வழியில் தெரிந்தாலோ.' மருந்தடித்தவர் மயங்கி விழுந்தால் அதைக் குறிப்பிட்ட அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அரசு யாருக்கும் கடமை விதிக்கலாம், அதுதான் 26. எதையும் தடைசெய்யாத பிரிவு என்பதால் யாரும் பேசுவதில்லை. எனக்கோ இதுவே வேர். கூலிக்கு மருந்தடிப்பவரின் வாந்தியும் தலைசுற்றலும் 'வெயில் தாங்கவில்லை' என்று வீட்டோடு போய்விட்டால், அரசு எதை வைத்து ஆணை எழுதும்? 'வேறு வழி' என்ற சொல்லால் விவசாயியின் மனுவுக்கும் இடம் உண்டு.

'மனிதருக்கோ விலங்குக்கோ ஆபத்து நேரக்கூடும் என்று கருதினால்.' நேர்ந்தபின் அல்ல, நேரக்கூடும் என்றாலே போதும். பாராகுவாட்டுக்கு முறிமருந்து கிடையாது. உள்ளே போனால் நுரையீரலைக் கெடுத்துக் கொல்லும். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? விலங்கு என்பதில் மீனையும் கோழியையும் சட்டமே சேர்த்திருக்கிறது. ஆகவே வயலில் வடியும் நீர் வாய்க்கால் வழியே ஏரியில் கலந்து மீன் செத்தால் அதுவும் காரணமே. மனிதருக்குப் பயன்படும் விலங்கு என்பதே அடிப்படை வரையறை. மண்ணுக்கும் நீருக்கும் இங்கே தனி இடம் இல்லை. இது பெரிய குறை.

'எந்தப் பகுதியில், எந்த அளவுக்கு என்று குறிப்பிட்டு.' பாகூர் ஏரியைச் சுற்றி மட்டும், ஊசுட்டேரிக் கரையோரம் மட்டும் என்றுகூடத் தடைவிதிக்கலாம். ஆனால் இங்கே புதுச்சேரி நிலமும் தமிழகக் கிராமங்களும் பின்னிக் கிடக்கின்றன. பாகூரில் விற்காத மருந்தைக் கடலூர் பக்கம் போய் வாங்கிவரலாம். ஆணை விற்பனையை மட்டும் தொட்டால் போதாது. பிரிவு அனுமதிக்கிறபடி பயன்பாட்டையும் தொடவேண்டும்.

'விசாரணை முடியும்வரை, 60 நாளுக்கு மேற்படாமல்.' முடியாவிட்டால் இன்னும் 30 நாள். ஆக 90. நட்ட சில நாளிலேயே களைமருந்து விழுந்துவிடும் என்பதால் ஒரு போகத்துக்கு இது போதும். ஆனால் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் காணும் ஊரில் அடுத்த நடவுக்கு அதே டப்பா திரும்ப வரும்.

'மத்திய அரசு தக்க ஆணை பிறப்பிக்கலாம்.' இது உட்பிரிவு 2. பதிவை ரத்துசெய்யும் அதிகாரம் டெல்லியிடமே. 2022 அக்டோபரில் மத்திய அரசு கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே தெளிக்கலாம் என்று அறிவித்தது. இலங்கை அதை 2015இல் நாடு முழுதும் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. அப்படி நிரந்தரமாகத் தடுக்கும் அதிகாரம் புதுச்சேரிக்கு இல்லை. ஆனால் 26ஆம் பிரிவின் அறிவிக்கையை வில்லியனூர், பாகூர் மருத்துவர்களுக்கு அனுப்பும் அதிகாரம் இருக்கிறது. அடுத்த சம்பா நடவுக்கு முன் அது போயாகவேண்டும்.