எண்ணெய்க்குள் ஒரு மூளை: பழைய டிரக்குகளும் ஆட்டோமேடிக் கியர் பொட்டியும்

ஆட்டோமேடிக் கியர்னு சொன்னா நமக்கு என்ன தோணும்? டிராஃபிக்கில் இடது காலுக்கு ஓய்வு கொடுக்கும் சொகுசு சமாச்சாரம். மூட்டை ஏத்தும் வண்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நம்மூர் லாரி ஓட்டுநர் யாரையாவது கேட்டுப் பாருங்க, சிரிப்பார். ஆனா அமெரிக்காவில் கதையே வேற. 1970கள், 80களில் வந்த பிக்கப் டிரக்கை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே கியர் பொட்டியைப் பிரித்து மேய்கிற ஆட்கள் அங்கே இன்னிக்கும் ஏராளம். 'எந்தப் பொட்டி நல்ல பொட்டி?' என்பது அவங்களுக்குள்ள தீராத சண்டை. நம்ம எம்ஜிஆர் - சிவாஜி சண்டை மாதிரின்னு வெச்சுக்குங்க. வரலாறு தெரிஞ்சா இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துடும் என்பது என் கட்சி. ஒவ்வொரு பொட்டியும் அது பிறந்த வருஷத்துக் கவலையைச் சுமந்துகிட்டுதான் இருக்கு.

ஆரம்பம் டிரக்கிலும் இல்லை, காரிலும் இல்லை. கப்பலில். நீராவி டர்பைன் படுவேகமாகச் சுற்றும். கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் வேலை செய்யும். இரண்டையும் எப்படி இணைப்பது? ஜெர்மனியின் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-ல் திரவத்தை நடுவில் வைத்து இணைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட விட்டால் மற்றதும் காற்றில் சுற்ற ஆரம்பிக்குமே, அதேதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். இதில் இரண்டு வகை உண்டு. சும்மா சுழற்சியைக் கடத்துவது ஃப்ளூயிட் கப்ளிங். நடுவில் மூன்றாவதாக ஒரு சக்கரத்தை வைத்து, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி, கிளம்பும்போது இழுவிசையைப் பெருக்கிக் கொடுப்பது டார்க் கன்வர்ட்டர்.

காருக்கு இதைக் கொண்டுவந்து பெரிய அளவில் ஜெயித்தது ஜெனரல் மோட்டார்ஸ். ஏர்ல் தாம்ப்சன் தலைமையிலான குழு செய்த ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வெறும் 57 டாலர் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. நாலு கியர், ஃப்ளூயிட் கப்ளிங். கொஞ்ச நாளில் போர் வந்தது. எம்3 ஸ்டூவர்ட் டாங்கிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த ரேடியல் எஞ்சின்கள் விமானங்களுக்குத் தேவைப்பட்டன. சரி, கார் எஞ்சினையே போடுவோம் என்று முடிவானது. 1942-ல் வந்த எம்5-ல் இரண்டு காடிலாக் எஞ்சின், ஆளுக்கொரு ஹைட்ராமேட்டிக். அதாவது பணக்காரர்களின் கார் பொட்டி இரண்டே வருஷத்தில் டாங்கிக்குள் உட்கார்ந்துவிட்டது. சொகுசு சமாச்சாரம்னு சொன்னவங்க கொஞ்சம் யோசிக்கணும்.

கொரியப் போர்க் காலத்தில் ராணுவ டிரக்குக்கும் வந்தது. ஜிஎம்சி-யின் இரண்டரை டன் எம்135, எம்211 இரண்டிலும் ஹைட்ராமேட்டிக்தான். அதே வேலைக்கு ரியோ நிறுவனம் செய்த எம்35-ல் கையால் மாற்றும் கியர். கடைசியில் பல பத்தாண்டுகள் ராணுவத்தில் உழைத்தது எம்35. முதல் ரவுண்டில் ஆட்டோமேடிக்குக்குத் தோல்வி என்றே சொல்லணும்.

அடுத்தது நெருப்பு. 1953 ஆகஸ்ட் 12, மிச்சிகனில் லிவோனியா ஆலை. வெல்டிங் வேலையில் தெறித்த பொறி எண்ணெயில் விழுந்து, ஹைட்ராமேட்டிக் செய்துகொண்டிருந்த மொத்த ஆலையும் எரிந்து போனது. உயிரிழப்பும் உண்டு. காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு அவசர அவசரமாக பியூக்கின் டைனாஃப்ளோ போனது. போண்டியாக்குக்கு ஷெவர்லேயின் பவர்கிளைடு. போர்க்காலத்தில் பி-24 குண்டுவீச்சு விமானம் செய்த வில்லோ ரன் ஆலையைப் பிடித்து, சில வாரங்களில் உற்பத்தியை மறுபடி தொடங்கினார்கள். இந்தக் களேபரத்துக்கு அடுத்த மாடல் வருஷமான 1954-ல்தான் ஷெவர்லே டிரக்கில் முதன்முதலா ஹைட்ராமேட்டிக் விற்பனைக்கு வந்தது. ஷெவர்லே கார் வாங்கினால் இரண்டு கியர் பவர்கிளைடு, டிரக் வாங்கினால் நாலு கியர் ஹைட்ராமேட்டிக்!

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு வால்வ் பாடியைப் பார்த்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? அலுமினிய வார்ப்புக்குள் புழு ஊர்ந்த மாதிரி கால்வாய்கள், ஸ்பிரிங் வைத்த வால்வுகள், சின்னச் சின்ன இரும்பு குண்டுகள். வண்டியின் வேகத்துக்கு ஏற்ப கவர்னர் ஒரு பக்கம் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். எஞ்சினுக்கு எவ்வளவு பாரம் என்பது இன்னொரு அழுத்தமாக எதிர்ப்பக்கம் வரும். வால்வ் நடுவில் நிற்கும். எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அதுதான் கியர். மொத்த இஃப்-எல்ஸும் எண்ணெயிலேயே எழுதியிருக்கு. ஒரு டிரான்சிஸ்டர் கிடையாது.

இந்த வகையில் டிரக்குக்காரர்கள் கும்பிடும் சாமி 1964-ல் வந்த டர்போ 400. காடிலாக்குக்கும் பியூக்குக்கும் பிறந்து கனரக டிரக்குகளுக்கு வாழ்க்கைப்பட்டது. மூன்று கியர், கூடவே நிஜ டார்க் கன்வர்ட்டர். போட்டிக்கு ஃபோர்டின் சி6 1966-ல் வந்து 1990களின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தது. கிரைஸ்லரில் டார்க்ஃப்ளைட் 727. மூன்றுமே முரட்டுப் பொட்டிகள். எஞ்சின் சக்தியில் கணிசமாகத் தின்னும், ஆனா உழைக்கும்.

டர்போ 400-லும் பல சி6-லும் எஞ்சின் பாரத்தை அளப்பது வேக்குவம் மாடுலேட்டர் என்கிற தகர டப்பா. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்தால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்க ஆரம்பிக்கும். புகைபோக்கியில் வெள்ளைப் புகை, பொட்டியில் ஆயில் மாயம், தரையில் ஒரு சொட்டு கிடையாது. எஞ்சினே போச்சுன்னு நினைக்கத் தோணும். மாடுலேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்து, உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் விஷயம் முடிஞ்சது. டப்பாவை மாத்தினா போதும்.

அந்தச் சிவப்பு எண்ணெய்க்கும் ஒரு கதை இருக்கு. கிளட்ச் தட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் வழுக்கிப் பிடிக்க, அதில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்துகொண்டிருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததும் வேதியியல்காரர்கள் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று.

பிறகு 1973 எண்ணெய்த் தட்டுப்பாடு. 1975-ல் மைலேஜ் சட்டம். இனி முரடாக இருந்தால் மட்டும் போதாது, சிக்கனமாகவும் இருக்கணும். அந்தக் கவலையின் பிள்ளைதான் ஜிஎம் 1982-ல் கொண்டுவந்த 700ஆர்4. கணக்கைப் பாருங்க: டர்போ 400-ல் முதல் கியர் 2.48, மேல் கியர் 1. இதில் முதல் கியர் 3.06, நாலாவது 0.70. நெடுஞ்சாலையில் 2,500 சுற்றில் ஓடும் எஞ்சின் அதே வேகத்துக்கு 1,750 சுற்றில் ஓடும். கூடவே கன்வர்ட்டரை இறுக்கிப் பூட்டி வழுக்கலை ஒழிக்கும் கிளட்ச் வேற.

ஆனா ஆரம்ப வருஷத்துப் பொட்டிகள் மானத்தை வாங்கின. 1987 வாக்கில் செய்த திருத்தங்களுக்குப் பிறகுதான் பேர் தேறியது. இதில் மாடுலேட்டர் கிடையாது. ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு டி.வி. கேபிள் வரும். (கேபிள் டி.வி. இல்லைங்க, டி.வி. கேபிள் :-)) த்ராட்டில் வால்வ் என்பதன் சுருக்கம். எப்போது கியர் மாற்றுவது என்பதோடு, கிளட்சை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதும் இதன் கையில். வேறு கார்புரேட்டர் மாட்டி, கேபிள் கோணம் தப்பிப்போனால், அழுத்தம் குறைந்து 3-4 கிளட்ச் கருகிவிடும். புதுசா கட்டின பொட்டியும் சில மைலில் போகும். பழி மட்டும் பொட்டி மேல்.

அப்ப எதைப் போடலாம்? கனமான டிரெய்லரை இழுக்கும் டிரக், பெட்ரோல் செலவு பரவாயில்லை என்றால் டர்போ 400 அல்லது சி6. தினம் நெடுஞ்சாலை என்றால் 87-க்குப் பிந்தைய 700ஆர்4, கேபிளைச் சரியாக வைக்கும் பொறுமையோடு. பழைய இரும்புக் கடையில் அடையாளம் காண ஆயில் பானைப் பார்த்தால் போதும்: டர்போ 400 கோணல்மாணலா டெக்சாஸ் வரைபடம் மாதிரி, 13 போல்ட். 700ஆர்4 சதுரமாக, 16 போல்ட்.

பராமரிப்பு என்றால் முதல் எதிரி சூடு. ஆயிலை எஞ்சின் ஓடும்போது, சூடான பிறகு, சமதளத்தில் பார்க்கணும். கிரைஸ்லரில் மட்டும் நியூட்ரலில், ஏன்னா பார்க்கில் பம்ப் கன்வர்ட்டரை நிரப்பாது. கருகல் வாடை வந்தால் தட்டுகள் போச்சு. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி தண்ணீர் கலந்திருக்கு. தட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலமே உரிந்துவிடும்.

பிரித்துக் கட்டும்போது வால்வ் பாடியை இறக்கினால் அந்த இரும்பு குண்டுகள் பொலபொலன்னு உதிரும். எது எங்கே இருந்ததுன்னு முதலிலேயே போட்டோ எடுக்கலைன்னா அம்போ. புதுத் தட்டுகளை ஆயிலில் ஊறவைத்துதான் அடுக்கணும். ஒவ்வொரு கிளட்சையும் மாட்டியதும் துளை வழியே காற்றடித்து, 'தம்' என்று பிடிக்குதான்னு கேட்டுப் பார்க்கணும். புஸ்ஸுன்னு போனா சீல் எங்கேயோ மடங்கியிருக்கு. இவ்வளவும் செய்துவிட்டு காசு மிச்சம் பிடிக்க பழைய கன்வர்ட்டரையே மாட்டுகிறவர்கள் உண்டு. கருகிய தூள் முழுக்க அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். வைரஸ் இருக்கும் பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணுவது போல. கூலர் குழாய்களுக்கும் இதே கதைதான், கழுவாமல் மாட்டக்கூடாது.

1991-ல் டர்போ 400-ன் உள்ளுறுப்புகளோடு ஓவர்டிரைவும் கம்ப்யூட்டரும் சேர்த்து 4எல்80-இ வந்தது. 1993-ல் 700ஆர்4-ன் வாரிசுக்கும் கம்ப்யூட்டர். எண்ணெயிலிருந்த மூளை சிலிக்கானுக்குக் குடிபோனது. வில்லோ ரன் ஆலை 2010-ல் மூடப்பட்டது. அங்கே செய்த டர்போ 400-கள் இன்னும் ஓடுகின்றன. அதில் ஒன்றைக் கட்டி முடித்து எஞ்சினோடு சேர்க்கப் போகிறவருக்கு ஒரே விஷயம்: கன்வர்ட்டரைத் தள்ளித் திருப்பும்போது ஒவ்வொரு படியாக 'டொக்', 'டொக்' என்று உள்ளே இறங்கணும். கடைசி 'டொக்' கேட்காமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும்.